வாசலில் நிற்கும் பார்சல்: மறுப்பதும் திருப்புவதும்

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை போகும் சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை. கடைத்தெருவில் இல்லாத பொருள் இப்போது போனில் இருக்கிறது. மிக்சி, ரம்ஜான் துணி, குழந்தைக்கு நடைவண்டி, மாட்டுக்குப் பால் கறக்கும் இயந்திரம் என எல்லாம் ஊர் தேடி வருகிறது. வருவதில் சிக்கல் ஒன்றுமில்லை, திருப்புவதில்தான் சிக்கல். பெருநகரத்தில் திருப்ப வேண்டும் என்று சொன்னால் பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆள் வந்துவிடுகிறார். நம்முடையது போன்ற பேரூராட்சிகளுக்குக் கொண்டுவந்து கொடுக்க ஆள் உண்டு, எடுத்துப்போக ஆள் இல்லை என்ற நிலை சில நிறுவனங்களில் இன்னும் இருக்கிறது. ஆகவே நகரத்து வாசகருக்கு எழுதிய வழிமுறை இங்கே அப்படியே பொருந்தாது.

மறுப்பது வேறு, திருப்புவது வேறு. வாங்காமல் வாசலோடு அனுப்பிவிட்டால் அது மறுப்பு. வாங்கிப் பிரித்துப் பார்த்து, பழுது என்றோ பிடிக்கவில்லை என்றோ அனுப்பினால் அது திருப்புதல். மறுப்புக்கு ஒரு சொல் போதும். திருப்புவதற்குக் காரணம் வேண்டும், படம் வேண்டும், பெட்டி வேண்டும், கெடு தாண்டாமல் இருக்க வேண்டும். பார்சலைப் பார்த்ததும் மனசில் ஒரு சந்தேகம் தட்டினால் வாசலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

பொருள் வந்த பிறகு பணம் என்பது நம் ஊர்களுக்குப் புதிய ஏற்பாடு இல்லை. 1877-லேயே அஞ்சல் துறை வி.பி.பி. முறையைக் கொண்டுவந்துவிட்டது. தபால்காரரிடம் பணம் கட்டினால் பொட்டலம் கைக்கு வரும், அந்தப் பணம் மணியார்டராக அனுப்பியவருக்குப் போகும். பத்திரிகை விளம்பரங்களில் ‘வி.பி.பி.யில் அனுப்பப்படும்’ என்ற வரி பல காலம் வந்துகொண்டிருந்தது. டிரான்சிஸ்டர் கேட்டவருக்குச் செங்கல் வந்த கதையை ஊருக்கு ஒருவராவது சொல்வார். அந்த ஏமாற்று வேலைக்குச் சட்டத்திலேயே ஒரு கடிவாளமும் இருந்தது. உண்மையாக வந்த ஆர்டரின் பேரில்தான் அனுப்புகிறேன் என்று அனுப்புபவர் உறுதி தர வேண்டும் என்றது 1898-ன் இந்திய அஞ்சலகச் சட்டம். மோசடி என்று தெரிந்தால் வசூலித்த பணத்தை நிறுத்திவைத்து, கட்டியவருக்கே திருப்பித் தரவும் அதில் இடம் இருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூன் 18 முதல் புதிய அஞ்சலகச் சட்டம் நடப்பில் இருக்கிறது. 2010-ல் ஃபிளிப்கார்ட் கையில் எடுத்த பிறகு வி.பி.பி.யின் வேலையை சி.ஓ.டி. பார்க்கிறது. பெயர்தான் மாறியிருக்கிறது, செங்கல் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

வாசலில் செய்ய வேண்டியது

பார்சலைக் கையில் வாங்குமுன் மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். யார் பெயருக்கு வந்திருக்கிறது, எந்தப் போன் எண், அனுப்பியவர் யார், பணம் முன்பே கட்டியதா, இல்லை இப்போது கட்ட வேண்டியதா என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆர்டர் போட்டது பிள்ளையாக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம். ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம். அந்த இரண்டு நிமிடம் காத்திருக்க எந்த டெலிவரி தம்பியும் மறுப்பதில்லை, மரியாதையாகக் கேட்டால்.

ஆர்டரே போடாத பார்சல் வருவது இப்போது ஒரு தனித் தொழில். எங்கிருந்தோ கசிந்த பெயர், முகவரி, போன் எண்ணை வைத்து முந்நூறு, ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு பொட்டலம் அனுப்புகிறார்கள். சின்னத் தொகை, சீட்டில் மகன் பெயர், வீட்டில் இருப்பது வயதான அத்தா அல்லது அம்மா. ‘புள்ளதான் போட்டிருக்கும்’ என்று பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே ஒரு கிழிந்த துண்டோ மலிவான மோதிரமோ இருக்கும். வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் இதை இப்படிச் சொல்லி வையுங்கள்: “காசு கேட்டு எது வந்தாலும் எனக்குப் போன் போடாம வாங்காதீங்க. நான் எடுக்கலன்னா, ‘தம்பி, இது எங்களுது இல்ல, ரிட்டன் போட்டுடுப்பா’ன்னு சொல்லிடுங்க.” அவ்வளவுதான். வாங்காவிட்டால் கேஸ் வரும், அபராதம் வரும் என்று யாராவது பயமுறுத்தினால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நீங்கள் கேட்காத பொருளுக்கு நீங்கள் கடன்காரர் ஆவதில்லை.

ஆர்டர் போட்டதுதான், ஆனால் வேண்டாம் என்றாகிவிட்டது. அப்போது வாசல்வரை வரவிடாமல் முதல் நாளே ஆப்பில் ரத்து செய்வது நல்லது. பார்சல் கொண்டுவருபவர்களில் பலருக்குச் சம்பளம் கிடையாது, கொடுத்து முடித்த பார்சலுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. வெயிலில் விருத்தாசலத்திலிருந்து சுமந்து வந்ததை ‘மனசு மாறிடுச்சு’ என்று திருப்பி அனுப்பினால் நட்டம் அவருக்கு. அடிக்கடி மறுக்கிற கணக்குக்குச் சி.ஓ.டி. வசதியையே சில நிறுவனங்கள் நிறுத்திவிடுகின்றன. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஆர்டரை உறுதி செய்த பிறகு நீங்கள் ரத்து செய்தால் அதற்குத் தண்டம் கேட்பதென்றால், நிறுவனம் தானாக ரத்து செய்யும்போதும் அதே மாதிரித் தொகையை அது சுமக்க வேண்டும். 2020-ன் மின்வணிக விதிகள் அப்படித்தான் சொல்கின்றன.

பெட்டி நசுங்கி, நனைந்து, டேப் பிரித்து ஒட்டியதுபோல் இருந்தால் யோசிக்காமல் மறுக்கலாம். பணம் முன்பே கட்டியிருந்தாலும் மறுக்கலாம், பார்சல் திரும்பிச் சேர்ந்தபின் பணம் வந்துவிடும். மறுக்குமுன் சீட்டோடு சேர்த்துப் பெட்டியை நாலு பக்கமும் படம் எடுங்கள். அன்றைக்கே ஆப்பில் போய் ‘சேதமடைந்திருந்ததால் வாங்கவில்லை’ என்று எழுதிவிடுங்கள். வந்தவர் ‘ஆள் இல்லை’ என்று குறித்துவிட்டுப் போனாலும் உங்கள் வார்த்தை அங்கே தேதியோடு நிற்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பூட்டு ஓ.டி.பி. அந்த எண்ணைச் சொன்னால் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போட்டதாக அர்த்தம். பெட்டி கையில் வராமல் எண்ணைச் சொல்லவே கூடாது. மங்கலம்பேட்டையில் இதில் கூடுதலாக ஒரு குழப்பம் உண்டு. வீட்டுக்காரர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், அங்கிருந்தபடி இங்கே வீட்டுக்கு ஆர்டர் போடுவார். ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகும். அவர் வேலைக்கு நடுவில், பார்சலைப் பார்க்காமலே, டெலிவரிக்காரரிடம் நேராக எண்ணைச் சொல்லிவிடுவார். அதற்குப் பதில் இங்கே இருப்பவரின் எண்ணையே முகவரியில் தரச் சொல்லுங்கள். திருப்பும்போது எடுத்துப்போக வருபவரும் ஓ.டி.பி. கேட்பார், அதற்கும் இந்த எண்தான் உதவும்.

பிரித்துப் பார்த்துவிட்டுப் பணம் தருகிறேன் என்று கேட்க உரிமை உண்டா? பலரும் கேட்கும் கேள்வி இது. 1930-ன் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, வாங்குபவர் கேட்டால் பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. ஆனால் அந்த வரியின் தொடக்கத்திலேயே ‘வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை’ என்று ஒரு நிபந்தனை நிற்கிறது. ஆர்டர் போடும்போது நாம் படிக்காமல் தட்டிய நிபந்தனைகள்தான் அந்த ‘வேறு விதம்’. ஆகவே சாதாரண சி.ஓ.டி.யில் பிரிக்க விடமாட்டார்கள், வந்தவரோடு அதற்காகச் சண்டை போட்டும் பயனில்லை, அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. விலை கூடிய போன், டி.வி., மிக்சி வாங்கும்போது, திறந்து காட்டித் தரும் முறை இருக்கிறதா என்று ஆர்டர் பக்கத்திலேயே பாருங்கள். இருந்தால் அதையே எடுங்கள். திறந்து காட்டியபின்தான் எண்ணைச் சொல்ல வேண்டும்.

அதே சட்டத்தின் 43-ஆம் பிரிவு நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று. மறுக்கும் உரிமை உள்ள பொருளை நீங்கள் மறுத்தால், அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய கடமை உங்களுடையது அல்ல, வேண்டாம் என்று விற்றவருக்குத் தெரிவித்தால் போதும். இதற்கும் அந்த ‘வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை’ உண்டு. இருந்தாலும், ‘நீங்களே கொண்டுவந்து குடுங்க’ என்று யாராவது சொன்னால், எந்த நிபந்தனையின் பேரில் என்று கேட்க இந்தப் பிரிவு போதும்.

வாங்கியாயிற்று, இப்போது திருப்ப வேண்டும்

பெட்டியை வெட்டும் முதல் நொடியிலிருந்து கடைசிப் பொருளை எடுத்து வைக்கும்வரை ஒரே வீடியோவாக எடுங்கள். சீட்டில் உள்ள ஆர்டர் எண் முதலில் தெரிய வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது. போனாக இருந்தால் பெட்டியில் உள்ள ஐ.எம்.இ.ஐ. எண்ணும், மற்ற இயந்திரங்களாக இருந்தால் வரிசை எண்ணும் பதிவாக வேண்டும். செங்கல் வந்தது என்று நீங்கள் சொல்வதும், சரியான பொருளைத்தான் அனுப்பினோம் என்று அவர்கள் சொல்வதும் வெறும் பேச்சு. இடையில் நிற்கும் சாட்சி இந்த வீடியோ மட்டும்தான்.

கெடு, பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது, நீங்கள் பிரித்த நாளிலிருந்து அல்ல. பல பொருள்களுக்கு அது 7 நாள் அல்லது 10 நாள்தான். ‘மச்சான் வந்ததும் பிரிக்கலாம்’ என்று பீரோவில் வைத்தால் மச்சான் வருவதற்குள் கெடு முடிந்திருக்கும். ‘மாற்றித் தருவோம்’ என்று போட்டிருப்பதும் ‘திருப்பி எடுப்போம்’ என்று போட்டிருப்பதும் ஒன்றல்ல. முன்னதில் வேறு பொருள்தான் வரும், பணம் வராது. உள்ளாடை, திறந்த உணவுப்பொருள், பெயர் பொறித்துச் செய்தவை ஆகியவற்றைப் பிடிக்கவில்லை என்பதற்காக யாரும் எடுக்கமாட்டார்கள்.

ஆனால் ‘இந்தப் பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று எழுதிவைத்துவிட்டு விற்றவர் எல்லாவற்றிலிருந்தும் தப்பிக்க முடியாது. பொருள் பழுது, போலி, விளம்பரத்தில் சொன்னதுபோல் இல்லை, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தது, இவற்றில் எது நடந்தாலும் திருப்பி எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது என்று 2020-ன் மின்வணிக விதிகள் விற்பவரைக் கட்டுகின்றன. பிந்தியதற்கு வெள்ளம், புயல் போன்றவை காரணம் என்றால் மட்டும் விலக்கு. பெருநாளைக்கு என்று வாங்கிய சட்டை பெருநாள் கழிந்து வந்தால் அதையும் இந்த விதியைக் காட்டித் திருப்பலாம். பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர ரசீதில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது முறையற்ற வணிகம்.

கோரிக்கை போடும்போது காரணத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். கிழிசல் இருக்கும்போது ‘பிடிக்கவில்லை’ என்று தட்டினால் உங்கள் வழக்கை நீங்களே பலவீனமாக்குகிறீர்கள். பொருள் நன்றாக இருக்கும்போது ‘பழுது’ என்று பொய் தட்டுவதும் வேண்டாம்.

எடுத்துப்போக ஆள் வரும் நாளில் பொருள், உள்ளே வந்த காகிதம், சார்ஜர், துணியின் அட்டை எல்லாம் அதே பெட்டியில் இருக்கட்டும். வந்தவர் சோதித்துவிட்டுத்தான் எடுப்பார். கொடுக்கும்போது ஒரு படம் எடுங்கள். ‘பெற்றுக்கொண்டோம்’ என்ற செய்தி போனுக்கு வரும்வரை அவரை நிறுத்திவையுங்கள், வந்தபின் அதை அழிக்காதீர்கள். ஆள் வராமலே ‘வாடிக்கையாளர் ரத்து செய்தார்’ என்று செய்தி வந்தால் அன்றே மறு கோரிக்கை போடுங்கள், கெடு அதற்காக நிற்காது.

நம் ஊருக்கு எடுத்துப்போக ஆள் இல்லை, நீங்களே அனுப்புங்கள் என்று சொன்னால் அஞ்சலகத்தை விட்டுத் தனியார் கூரியரைத் தேட வேண்டாம் என்பது என் கருத்து. விரைவுத் தபாலில் எடை, கட்டணம், தேதி, தொடர் எண் எல்லாம் அரசு ரசீதில் வந்துவிடும், பின்னால் நுகர்வோர் ஆணையத்தில் காட்ட அதைவிட நல்ல தாள் இல்லை. 2025-ல் பதிவுத் தபாலும் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டதால் ‘ரிஜிஸ்டர்’ என்று கேட்டுக் குழம்ப வேண்டாம். தபால் செலவைத் திருப்பித் தருவார்களா, எவ்வளவு வரை என்று அனுப்புமுன் எழுத்தில் வாங்குங்கள். ரசீது மை சீக்கிரம் அழிந்துவிடும், வாங்கியதும் படம் எடுத்துவிடுங்கள்.

பணம் திரும்பும் வழி

கார்டிலோ யு.பி.ஐ.யிலோ கட்டியது பெரும்பாலும் வந்த வழியே போகும். சி.ஓ.டி.யில் கொடுத்த பணத்துக்கு வங்கிக் கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணும் கேட்பார்கள், அதை ஆப்பின் உள்ளே மட்டும் தர வேண்டும். சில இடங்களில் பணத்தை அவர்களுடைய பணப்பையில் போட்டு, அங்கேயே மறுபடி வாங்கவைக்கப் பார்ப்பார்கள். வங்கிக்குத்தான் வேண்டும் என்று தேர்ந்தெடுங்கள்.

பொருளில் ஏமாறுபவரைவிட இந்தக் கட்டத்தில் ஏமாறுபவருக்கு இழப்பு பெரிது. ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று இணையத்தில் தேடினால் திருடன் போட்டுவைத்த எண்ணும் அதில் கலந்து வரும். அவன் பணிவாகப் பேசுவான், பத்து ரூபாய் அனுப்பிச் சரிபார்க்கலாம் என்பான், போனில் ஒரு ஆப்பை ஏற்றச் சொல்வான், நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஓர் எண்ணை அழுத்தச் சொல்வான். அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்புகள் அவனுக்குப் போகலாம். பணம் வாங்க யு.பி.ஐ. ரகசிய எண் தேவையே இல்லை, அது கொடுப்பதற்கு மட்டும்தான். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறுமுன் முடக்க அவ்வளவு வாய்ப்பு.

அவர்கள் மறுத்தால்

ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பையும் தளத்தில் போட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அரட்டைப் பெட்டியில் பேசி மாய்வதைவிட அவருக்கு ஒரு மின்னஞ்சல் நல்லது. தமிழிலேயே எழுதலாம், நீளம் வேண்டாம்:

“ஆர்டர் எண் இது. இந்தத் தேதியில் வந்த பொருள் நீங்கள் காட்டிய படத்தில் உள்ளது அல்ல. பிரித்த வீடியோவை இணைத்துள்ளேன். இந்தத் தேதியில் போட்ட கோரிக்கையை நீங்கள் நிராகரித்தீர்கள். முழுத் தொகையையும் என் வங்கிக் கணக்கில் திருப்பித் தர வேண்டும். தவறினால் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன்.”

அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழில் பேசலாம். காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள். வாட்ஸ்அப் எண் 8800001915. இது நீதிமன்றம் அல்ல, நிறுவனத்திடம் உங்கள் புகாரைக் கொண்டுபோய்ப் பதில் கேட்கும் இடம். சின்னத் தொகைப் புகார்கள் பல இங்கேயே முடிந்துவிடுகின்றன.

புகார் செய்யாமலே பொருளைத் திருப்பி எடுக்கவைத்த ஆணையும் உண்டு. தரச்சான்று இல்லாத பிரஷர் குக்கர்களை விற்றதற்காக 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அமேசான் வழியாக விற்ற 2,265 குக்கர்களுக்கும் ஃபிளிப்கார்ட் வழியாக விற்ற 598 குக்கர்களுக்கும் வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, பொருளைத் திரும்ப எடுத்து, பணத்தைத் தரச் சொன்னது. நிறுவனங்கள் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின என்பது வேறு. குக்கர், ஹெல்மெட், பொம்மை, மின்விசிறி வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லையென்றால், அதையே காரணமாகக் காட்டித் திருப்பலாம்.

கடைசிப் படி கடலூர். நிறுவனத்தின் நிபந்தனையில் ‘வழக்கு என்றால் பெங்களூருவில்தான்’ என்று எழுதியிருந்தாலும் பயப்படாதீர்கள். பழைய 1986-ன் சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்தையோ சிக்கல் எழுந்த இடத்தையோ தேட வேண்டியிருந்தது. 2019-ன் சட்டம், 2020 ஜூலை 20 முதல், நீங்கள் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே முறையிட வழி செய்துவிட்டது. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம், காணொலி வழியாக விசாரிக்கக் கேட்கலாம். கடலூருக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் பேருந்து ஏற முடியாதவர்கள் அதை மனுவிலேயே கேட்டுவிடுவது நல்லது. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் எதுவும் கிடையாது. பொருளின் விலையோடு, அலைந்ததற்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடும் கேட்கலாம். சிக்கல் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.